பி.ஆர். இருக்கும்போது சிட்டிசன்ஷிப் எதற்கு? கனடாவில் ஒரே வீட்டில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட்

வாசகர் கேள்வி | 9 நவம்பர் 2024

பிராம்ப்டனில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடம் முடியப்போகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் "சிட்டிசன்ஷிப்புக்குத் தேவையான நாள் முடிந்ததும் நாலு பேருக்கும் சேர்த்து அப்ளை பண்ணிவிடு" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பி.ஆர். (பெர்மனன்ட் ரெசிடென்ஸ், நிரந்தர வசிப்புரிமை) என்றால் நிரந்தரம்தானே? வேலை, மருத்துவம், படிப்பு எல்லாம் அதிலேயே கிடைக்கிறது. ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், கொஞ்சம் நிலமும் இருக்கிறது. கனடா சிட்டிசன் ஆனால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்திய பாஸ்போர்ட்டை எதற்கு விட வேண்டும்? ஓட்டுப் போடுவதைத் தவிர சிட்டிசன்ஷிப்பால் என்ன லாபம்?

9 நவம்பர் 2024, இரவு

நிலம், அப்பா அம்மா இரண்டும் எங்கள் வீட்டிலும் பல ராத்திரி பேசிய விஷயம். ஒரே பதிவில் முடியாது, அவ்வப்போது வந்து எழுதுகிறேன்.

"நாலு பேருக்கும் சேர்த்து" என்பதும் சரியில்லை, "யாருக்கும் வேண்டாம்" என்பதும் சரியில்லை. ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. எங்கள் வீட்டில் மனைவி கனடா சிட்டிசன். கோயம்புத்தூரில் பிறந்த மகள் அம்மாவோடு சேர்ந்து வாங்கினாள். மகன் மிசிசாகாவில் பிறந்தவன், பிறப்பிலேயே சிட்டிசன். நான் மட்டும் பி.ஆர்., கையில் இந்திய பாஸ்போர்ட். உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இப்போதைக்கு "நிரந்தரம்தானே" என்ற உங்கள் கேள்விக்கு மட்டும். பேர்தான் நிரந்தரம். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வருகிறது, வாழ்நாள் முழுக்க. எல்லையிலோ, கார்டு புதுப்பிக்கும்போதோ, அன்றிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தை எண்ணுவார்கள். கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் கார்டு காலாவதியான நேரத்தில் ஊரில் மாட்டிக்கொண்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்தே பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் நாள் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பெற்றோருக்கு உடம்பு முடியாமல் இரண்டு மூன்று வருடம் ஊரில் இருக்க நேர்ந்தால் முதலில் ஆட்டம் காண்பது பி.ஆர்.தான். "ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், அதனால் பி.ஆர். போதும்" என்கிறீர்கள். அதே காரணத்துக்காகவே வீட்டில் ஒருவராவது சிட்டிசனாக இருப்பது நல்லது என்பது என் கட்சி.

10 நவம்பர் 2024

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு சேர்ந்து விண்ணப்பிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பி.ஆராக இருந்தால் போதும், பெரியவர்களைப் போல 1,095 நாள் கனடாவில் இருந்ததாகக் காட்ட வேண்டிய கணக்கு அதற்குக் கிடையாது. அப்பாவோ அம்மாவோ ஒருவர் சிட்டிசனாக இருக்க வேண்டும், அல்லது கூடவே விண்ணப்பிக்க வேண்டும். பெரியவருக்கு 650 டாலர் அளவில் கட்டணம், பிள்ளைக்கு 100 டாலர்.

பிள்ளைக்கு 17 நடக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 18 ஆகிவிட்டால் அவனே தனியாக நாள் காட்ட வேண்டும், மொழிச் சான்று, தேர்வு எல்லாம் வந்துவிடும்.

12 நவம்பர் 2024

நிலம் விஷயம். இதில் ஊர் முழுக்க ஒரே தப்பான பேச்சு: "இந்திய பாஸ்போர்ட் இருந்தால் வயல் வாங்கலாம், ஓ.சி.ஐ. ஆனால் முடியாது." ஓ.சி.ஐ. என்பது வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் கார்டு, அது இருந்தால் விசா இல்லாமல் போய்வரலாம்.

அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டில் வசிக்கும் வரை இந்தியக் குடிமகனும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கும் அதே தடைதான். வீடு, மனை, ஃபிளாட் இருவரும் வாங்கலாம். அப்பா வழியில் வாரிசாக வரும் வயலை இருவரும் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இருந்த காலத்தில் வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். அந்த வயலை விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

ஆக, வித்தியாசம் எங்கே வருகிறது? ஒருநாள் ஊரோடு திரும்பிப் போய் அங்கேயே வாழ்ந்து, புதிதாக வயல் வாங்கிப் பயிர் வைக்கப்போகிறேன் என்றால் இந்தியக் குடியுரிமைக்கு அர்த்தம் உண்டு. எனக்கு அந்த ஆசை இருக்கிறது. வலங்கைமான் பக்கம் அப்பா பேரில் இருக்கும் வயலுக்குப் பக்கத்து நிலம் என்றைக்காவது விலைக்கு வரும் என்று இருபது வருடமாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஆசை இல்லாதவர்கள் நிலத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

17 நவம்பர் 2024

நாள் கணக்கு. நிறைய பேர் கேட்டதால் தனியாக எழுதுகிறேன்.

சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள். 2017 அக்டோபரில்தான் இந்த விதி வந்தது, அதற்கு முன் ஆறு வருடத்தில் நாலு வருடம் காட்ட வேண்டியிருந்தது. பி.ஆர். கிடைப்பதற்கு முன்னால் வேலை பெர்மிட்டிலோ மாணவர் பெர்மிட்டிலோ இருந்த நாள்கள் பாதி பாதியாகக் கணக்கில் வரும், அதிகபட்சம் 365 நாள். மாணவராக வந்தவர்களுக்கு இது பெரிய லாபம். குடும்பத்தோடு நேராக பி.ஆரில் வந்து இறங்கிய நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

1,095 முடிந்த மறுநாளே அனுப்பாதீர்கள். பத்துப் பதினைந்து நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேதி தவறினால்கூட விண்ணப்பம் நிற்கும்.

பஃபலோ பயணத்தை மறந்துவிடுவார்கள். காலையில் நயாகரா வழியாக அமெரிக்கா போய், கடைகளில் சுற்றிவிட்டு, ராத்திரி வீடு திரும்பினால் நாள் குறையாது. ஆனாலும் அதைப் பட்டியலில் எழுத வேண்டும். தரை வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தால் அந்தத் தகவல் கனடாவுக்கு வந்துவிடுகிறது. அவர்களிடம் இருக்கும் தேதி உங்கள் பட்டியலில் இல்லையென்றால் கேள்வி வரும். கனடா எல்லைச் சேவையிடம் உங்கள் பயண வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவின் வருகைப் பதிவை இணையத்திலேயே பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை நிரப்புங்கள்.

என் மனைவி வந்து இறங்கிய நாளிலிருந்தே ஒரு பழைய மளிகைக் கணக்கு நோட்டில் எழுதி வந்தாள். போர்டிங் பாஸைக்கூடப் பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருப்பாள். விண்ணப்பம் நிரப்பும் அன்று அந்த நோட்டுக்கு முன்னால் கணினி எல்லாம் ஒன்றுமில்லை.

மொழிச் சான்றுக்கு மறுபடி பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டாம். பி.ஆர். விண்ணப்பத்தின்போது எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காக எழுதிய பழைய ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு காலாவதியாகியிருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் ஊரில் ஆங்கில வழியில் படித்த டிகிரி போதும். ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று மதிப்பெண் பட்டியலிலோ கல்லூரிக் கடிதத்திலோ இருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரைதான் இந்தத் தொல்லையும் தேர்வும்.

வரி: ஐந்தில் மூன்று வருடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பளம் இல்லாத மனைவிக்கும் தாக்கல் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கே அது வேண்டியிருக்கிறது.

1 டிசம்பர் 2024

நான் ஏன் பி.ஆராகவே நின்றேன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு நிலம்தான் காரணம், மனைவிக்கு அதில் சம்மதமில்லை. "நாலு பேரும் ஒரே மாதிரி இருந்தால்தான் நிம்மதி" என்பாள். ஒருவழியாக அவளும் மகளும் மட்டும் விண்ணப்பிப்பது, நான் அடுத்த வருடம் பார்ப்பது என்று முடிவானது. தேர்வு ஒரு பிரச்சனையே இல்லை. 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கையேட்டிலிருந்துதான் எல்லாம் வரும். சமையல் நடக்கும்போது மகள் கேள்வி கேட்பாள், இவள் தோசையைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வாள். எந்த மாகாணம் எப்போது கூட்டமைப்பில் சேர்ந்தது என்பதெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

2023 ஆகஸ்டில் ஓத், அதாவது குடியுரிமை உறுதிமொழி. ஜூமில்தான். உறுதிமொழிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து அடையாளம் பார்த்தார்கள். அப்போதே பி.ஆர். கார்டைக் கேமரா முன்னால் வெட்டச் சொன்னார்கள். அடுக்களைக் கத்தரிக்கோல்தான் கையில் கிடைத்தது. கார்டு வழுவழுவென்று நழுவியது, மூன்றாவது முறைதான் இரண்டாக விழுந்தது. மகளுக்கு 14 ஆகாததால் அவள் உறுதிமொழி எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் கையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னாள். சந்தோஷமான நாள் அது.

அந்த நிமிடமே இந்தியச் சட்டப்படி இருவரின் இந்தியக் குடியுரிமையும் முடிந்துபோகிறது. 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவு. நாம் எழுதிக் கொடுத்துத்தான் முடிய வேண்டும் என்றில்லை. பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது, குற்றம். இனி அதைச் சரண்டர் செய்து சான்று வாங்க வேண்டும், கனடா பாஸ்போர்ட் வாங்க வேண்டும், இரண்டும் வந்த பிறகு ஓ.சி.ஐ. விண்ணப்பம். ஓ.சி.ஐ. வரும்வரை ஊருக்குப் போக விசா வேண்டும், எல்லா வெளிநாட்டவரையும் போல.

செப்டம்பரில் கனடா பாஸ்போர்ட் வந்தது. சரண்டர் காகிதங்கள் அனுப்பியாயிற்று. 2023 செப்டம்பர் 21 அன்று இந்தியா கனடாக்காரர்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்தியது. எல்லா வகை விசாவும். அரசாங்கங்கள் இரண்டுக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் தனியாக இருக்கிறவர், என் மனைவி ஒரே மகள். பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீடியோ கால் போட்டார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட யாராவது வர வேண்டும் என்றார்கள்.

அவள் பாஸ்போர்ட் இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று செல்லாது, இன்னொன்றுக்கு விசா கிடையாது. ஓ.சி.ஐ. கையில் இருந்தவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை, அவர்கள் வழக்கம்போலப் போய்வந்தார்கள். நடுவில் நின்றவர்கள்தான் மாட்டினார்கள்.

நான் கிளம்பினேன். என் நீல நிறப் பாஸ்போர்ட்டுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமியாரின் ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கும்வரை மருமகன்தான் கூட இருந்தேன். அவருக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். மகள் செய்ய வேண்டியதை நான் செய்தேன். அக்டோபர் 26 முதல் சில வகை விசாவைத் திரும்பத் தொடங்கினார்கள். இந்திய வம்சாவளியினருக்கான என்ட்ரி விசாவும் அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நவம்பரில் அவள் வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த நடு இடத்தில் நிற்கக் கூடாது. அவளே சொன்னாள், "நீங்கள் இப்போதைக்கு மாறாதீர்கள்" என்று.

2 டிசம்பர் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் சிட்டிசன்ஷிப்பே ஆபத்து" என்று முடிவு கட்டிவிட்டார். நான் சொன்னது அதுவல்ல. ஆபத்து இருந்தது ஓத்துக்கும் ஓ.சி.ஐ.க்கும் இடையில் உள்ள சில மாதங்களில். கணவன் மனைவி இருவருக்கும் வேண்டுமென்றால் ஒருவருக்கு ஓ.சி.ஐ. கைக்கு வந்த பிறகு மற்றவர் ஓத் எடுக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். குடும்பமாக விண்ணப்பித்தால் ஒன்றாகவே நகர்த்துவார்கள், அது வேண்டுமா என்று யோசியுங்கள். ஓத்துக்கு அழைப்பு வந்த தேதியில் முடியாது என்றால் காரணம் சொல்லி வேறு தேதி கேட்கலாம். பெற்றோர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவசரப்பட்டு ஓத் எடுக்காதீர்கள்.

19 ஜனவரி 2025

பேர்ச் சிக்கல் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனால் தமிழ்க் குடும்பங்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி.

என் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. இனிஷியலை விரித்து எழுதாத காலத்தில் எடுத்தது. இங்கே குடிவரவுத் துறை காலி இடத்தை ஏற்காது. இருக்கிற ஒரே பேரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப்பெயர் கட்டத்தைக் காலியாக விடும். மனைவிக்கும் அதேதான் ஆனது. மகளுக்கு என் பேர் குடும்பப்பெயர். ஆக, ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் ஒரு குடும்பம், அம்மா வேறு குடும்பம் என்று காகிதம் சொல்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு தனியாக விமானம் ஏறினால் மனைவி அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பையிலேயே வைத்திருப்பாள்.

இதைச் சரிசெய்ய நல்ல நேரம் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்கு முன்னால். மாகாணத்தில் முறைப்படி பேரை மாற்றி அந்தச் சான்றை விண்ணப்பத்தோடு இணைத்தால், குடியுரிமைச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. எல்லாம் ஒரே பேரில் வந்துவிடும். பாஸ்போர்ட் வந்த பிறகு மாற்றினால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும். ஆனால் ஒன்று: பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு பேர், புதிய கனடா பாஸ்போர்ட்டில் இன்னொரு பேர் என்றால் ஓ.சி.ஐ.க்கு இருவரும் ஒரே ஆள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பேர்மாற்றச் சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

மனைவி மாற்றவில்லை. "அம்மா வைத்த பேர் அது, எந்தக் கட்டத்தில் இருந்தால் என்ன" என்றுவிட்டாள்.

23 பிப்ரவரி 2025

மதுரைக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பார்க்கின்சன், இரண்டு மூன்று வருடம் ஊரிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவி சிட்டிசன், இவர் பி.ஆர். கார்டு போய்விடுமா என்று பயப்படுகிறார்.

தம்பி, உங்களுக்காகவே ஒரு விதி இருக்கிறது. கனடா சிட்டிசனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து இருக்கும் நாள்கள், பி.ஆரின் 730 நாள் கணக்கில் கனடாவில் இருந்ததாகவே எண்ணப்படும். குடிவரவுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. பி.ஆராக உள்ள பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ சிட்டிசனாக இருந்து கூட இருந்தாலும் அப்படித்தான். முதல் பதிவில் "வீட்டில் ஒருவராவது சிட்டிசன்" என்று நான் சொன்னதற்கு இது பெரிய காரணம். இருவருமே பி.ஆர். என்றால் இந்த வழி கிடையாது.

இரண்டு விஷயம் கவனம். மனைவி கூடவே வந்து ஒரே வீட்டில் வாழ வேண்டும், அவர் டொரண்டோவில், நீங்கள் மதுரையில் என்றால் செல்லாது. யாரோடு யார் போனார் என்று அதிகாரி துருவுவதும் உண்டு. மனைவியின் போர்டிங் பாஸ், வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பேர், ஆஸ்பத்திரி ரசீது, பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். போவதற்கு முன் இங்கே உள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டிவிடுங்கள், இந்த விஷயத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

அடுத்தது, இந்த நாள்கள் பி.ஆரைக் காப்பாற்ற மட்டும்தான். பின்னால் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தால் 1,095இல் அவை வராது.

24 பிப்ரவரி 2025

அப்பாவை இங்கே கூட்டி வரலாமே என்று கீழே ஒருவர். வரலாம், பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்கு மகன் பி.ஆராக இருந்தாலே போதும். 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம்வரை தங்கலாம். ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பார்க்கின்சன் உள்ளவருக்கு அந்தக் காப்பீடு என்ன விலை, எதையெல்லாம் விட்டுவிடும் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் பதினைந்து, பேச ஆளில்லாத வீடு. என் அப்பா ஒரு குளிர்காலம் வந்து இருந்தார். ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுப் பனி அள்ளும் வண்டியைப் பார்ப்பதுதான் வேலை. "இன்னொரு தடவை கூப்பிடாதே" என்று அன்பாகத்தான் சொன்னார்.

30 ஏப்ரல் 2025

"ஓட்டுப் போடுவதைத் தவிர என்ன லாபம்" என்ற வரியை முதல் பதிவில் படித்தபோது நானும் கடந்துபோய்விட்டேன். நேற்றைக்கு முந்தைய நாள் பொதுத்தேர்தல். மனைவியோடு நானும் வாக்குச்சாவடிக்குப் போனேன், மகள் படித்த பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். நான் கதவோரம் நின்றேன். உள்ளே வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருக்காரர்கள். இந்த ஊருக்கு நான் கட்டும் வரிக்கு அவர்களுக்கு இருக்கும் சொல் எனக்கு இல்லை. பிப்ரவரியில் நடந்த ஒன்டாரியோ தேர்தலிலும் இல்லை. நகராட்சியில்கூட இல்லை, பிள்ளைகள் போகும் பள்ளி வாரியத்துக்கும் இல்லை.

இந்தியாவில்? வெளிநாட்டில் வாழும் குடிமகனாகப் பேர் சேர்க்கலாம், ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும். சென்ற வருடம் ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு வாக்களித்தபோது நான் மிசிசாகாவில் வேலையில் இருந்தேன். இரண்டு நாட்டிலும் என் விரலில் மை இல்லை.

ஸ்கார்பரோவில் இருக்கும் ஈழத்துக் குடும்பங்களைப் பாருங்கள். 1986இல் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அந்தத் தலைமுறையில் வந்தவர்கள் இன்று வாக்களித்து, தேர்தலில் நின்று, நாடாளுமன்றம்வரை போகிறார்கள். வந்த கையோடு குடியுரிமை எடுத்ததால்தான் அது நடந்தது. இதை நான் போதுமான அளவு யோசித்திருக்கவில்லை.

11 மே 2025

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, நீங்கள் பி.ஆர். போதுமா எண்டு கதைக்கிறியள். அகதியா வந்த எங்களுக்கு அந்தக் கதையே இல்லை" என்றார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன், முக்கியமானது.

அகதிப் பாதுகாப்பு வழியாக பி.ஆர். பெற்றவர், தப்பி வந்த அதே நாட்டின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அங்கே போய்வந்தால், "உங்களுக்கு இனிப் பாதுகாப்பு தேவையில்லை" என்று அரசு வழக்குப் போடலாம். 2012 கடைசியில் வந்த சட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கில் தோற்றால் அகதி நிலையோடு பி.ஆரும் சேர்ந்து போகும். எத்தனை வருடம் இங்கே இருந்திருந்தாலும். சிட்டிசன் ஆகிவிட்டால் இந்தப் பிரச்சனை கிடையாது. அம்மாவின் சாவுக்குப் போக வேண்டும் என்று அவசரத்தில் இலங்கை பாஸ்போர்ட் எடுத்தவர்கள் சிக்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் யாராவது அந்த நிலையில் இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு வழி வைத்திருக்கிறது, நம்மைப் போல ஒன்றை விட வேண்டிய கணக்கும் அவர்களுக்கு இல்லை.

பி.ஆருக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு, அது நம் எல்லாருக்கும் பொது. 2018 டிசம்பர் 18 முதல் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை பத்து வருடம். பத்து வருடம் என்றால் குடிவரவுச் சட்டத்தில் அது கடுங்குற்றம். நீதிமன்றம் அபராதத்தோடு விட்டாலும் பி.ஆர். பறிபோகும் நடவடிக்கை தொடங்கலாம். சிட்டிசனுக்கு அபராதமும் லைசென்ஸும்தான் போகும். வார இறுதி விருந்துகளில் "ரெண்டு பெக்தானே" என்று சாவியை எடுக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

13 ஜூலை 2025, கோயம்புத்தூர்

பள்ளி விடுமுறைக்கு நாலு பேரும் வந்திருக்கிறோம். விமான நிலையத்தில் மனைவியும் பிள்ளைகளும் ஓ.சி.ஐ.யோடு ஒரு வரிசை, நான் இந்தியர் வரிசை. யார் முதலில் வெளியே வருவது என்று மகன் பந்தயம் கட்டினான், நான் ஜெயித்தேன்.

மாமியார் கைத்தடியோடு நடக்கிறார். ராத்திரி மொட்டை மாடியில் இந்த இழையைப் பற்றித்தான் பேச்சு. மனைவிக்கு ஓ.சி.ஐ. வந்துவிட்டது. இனி அவசரம் என்றால் அவளே கிளம்பலாம். ஆக, நான் மாறாமல் நின்றதற்கு 2023இல் இருந்த காரணம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது வயல் ஒன்றுதான். அப்பாவிடம் கேட்டேன். "பக்கத்து நிலம் வந்தால் உன் தம்பி வாங்கட்டும், அவன்தானே இங்கே உழுகிறான்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

20 செப்டம்பர் 2025

விண்ணப்பித்துவிட்டேன், நான் மட்டும். நாள் போதுமான அளவு இருக்கிறது. ஊரில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ இருந்ததில்லை என்பதால் இந்தியப் போலீஸ் சான்று தேவைப்படவில்லை. கடந்த நாலு வருடத்தில் அப்படி இருந்தவர்களிடம் கேட்பார்கள், பெற்றோரைப் பார்க்கப் போய் நீண்ட நாள் தங்கியவர்கள் கவனியுங்கள்.

பாஸ்போர்ட்டை விடப்போவது லேசாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதோடு இந்திய ஓட்டும் போகிறது. ஓ.சி.ஐ.க்கு வாக்குரிமை இல்லை, அரசாங்க வேலை இல்லை. அந்தக் கார்டின் விதிகளைத் தில்லி ஒரு அறிவிக்கையில் மாற்றிவிட முடியும், உரிமை என்று நம்பி இருக்க முடியாது. இரட்டைக் குடியுரிமை கொடுத்தால் இத்தனை பதிவுகளும் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் பிள்ளைகள் வளரும் ஊரில் எனக்கு ஒரு வாக்கு வேண்டும்.

22 செப்டம்பர் 2025

வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. கேள்விகள் இரண்டு.

கனடா பாஸ்போர்ட் கிடைத்தால் அமெரிக்க கிரீன் கார்டு வரிசை குறையுமா? குறையாது. அங்கே பிறந்த நாடுதான் கணக்கு, பாஸ்போர்ட் அல்ல. டி.என். என்ற வேலை அனுமதி மட்டும் கனடா சிட்டிசனுக்குக் கிடைக்கும், பி.ஆருக்குக் கிடையாது.

மகளை ஊரில் மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் அக்காவுக்கு: 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஓ.சி.ஐ. வாங்கிய பிள்ளைகள் நீட் எழுதலாம், ஆனால் இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்குப் போட்டியிட முடியாது, என்.ஆர்.ஐ. இடங்கள்தான். கட்டணம் எங்கேயோ போய்விடும். அதற்கு முன்பே ஓ.சி.ஐ. வாங்கியவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகள் பத்தாவது, பதினொன்றாவது என்றால் அவளுக்கு இப்போது குடியுரிமை எடுப்பதா என்று அவளையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

5 அக்டோபர் 2025

விட்டுப்போன ஒன்று. 20 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகலையும் புதிய படத்தையும் ஓ.சி.ஐ. தளத்தில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். கட்டணம் இல்லை. கார்டையே புதிதாக வாங்குவது 20 வயது தாண்டி எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை மட்டும். கனடாவில் பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், அதனால் இது அடிக்கடி வரும். மகனுடையது டிசம்பரில் முடிகிறது, படம் எடுக்க வரும் சனிக்கிழமை போகிறோம்.